கோட்டின் அகலம்

மெஷின் வந்த வருடம் முழுக்க மயில்தான்.
மயில், பிள்ளையார், மறுபடி மயில்,
பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை.
எழிலழகன் என்ற ஒரே பெயருக்கு
நான்கு பிளேடு ஒடிந்தது.

ஆடியில் கை நின்றுவிட்டது.
யாரோ வரைந்த கோட்டின் மேல்
யாரோ போல ஓட்டிக்கொண்டிருந்தேன்.
ஸ்க்ரோல் சாவுக்குப் பழைய போர்வையை மூடி
மேலே இஸ்திரித் துணி அடுக்கினேன்.
மாடி வீட்டு பல்கீஸ் எட்டிப் பார்த்தாள்:
"சத்தத்தையே காணோம், உடம்பு சரியில்லையா?"

புரட்டாசியில்
காவேரிப்பட்டணத்துக்கு மேற்கே ஒரு மாந்தோப்பு.
அண்ணன் திம்மராயன், தம்பி முனிரத்தினம், பாகம்.
மூலைக்கல்லைத் தேடியதில் பாதி நாள் போயிற்று;
அது மாட்டுத்தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தது.
காற்றுக்குப் புலப்படம் பறக்காமலிருக்க
நாலு மூலையிலும் காய்ந்த மாங்கொட்டை.
அப்போதுதான் பார்த்தேன்,
பதினாறு வருடமாகப் பார்க்கிற காகிதத்தை.

அழகுக்காக ஒருவரும் வரையாத உருவம்.
ஓடை கடித்த கிழக்கு.
வண்டிப்பாதைக்கு விட்டுக்கொடுத்த தோள்.
வடக்கே, யார் தாத்தாவோ
வழக்கில் ஜெயித்த மூக்கு.
அண்ணன் பங்குக்குள் சின்ன வட்டமாகக் கிணறு,
தண்ணீர் இருவருக்கும்.
"என்ன சர்வேயரம்மா, தப்பா இருக்கா?"
இல்லை என்றேன். வேறென்ன சொல்வது.

அன்றிரவு போர்வை கீழே கிடந்தது.
காய்ப்பு நின்று வெட்டிய பெங்களூரா மரம்,
கூழ் ஃபேக்டரி பக்கத்து அறுவைக்கடையில் வாங்கிய
முக்கால் இஞ்ச் பலகை;
பாதி மஞ்சள், பாதி சாம்பல்,
ரேகை ஒரு திசையில் ஓடாது.
ஐந்தாம் நம்பர் பிளேடை இறுக்கி
நகத்தால் சுண்டினேன். ம், சரி.

இந்த மெஷினில் பிளேடு எங்கும் போகாது,
நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும்.
பலகையைத்தான் திருப்ப வேண்டும்.
நிலத்தைச் சுற்றியே செருப்பு தேய்ந்தவளுக்கு
முன்னால் நிலமே திரும்பிக் காட்டியது.

கிணறுதான் சிக்கல்.
வெளியிலிருந்து அறுத்துப் போனால்
அண்ணன் பங்கு பிளந்துவிடும்.
உள்ளே ஒரு துளை போட்டு, பிளேடைக் கழற்றி,
துளை வழியே நுழைத்து, மறுபடி மாட்டி...
எங்கள் பக்கத்தில் ஆயிரத்து இருநூறு அடி இறக்கியும்
புகைதான் வருகிறது என்பார்கள்.
எனக்கு முக்கால் இஞ்சிலேயே
மறுபக்கத்து வெளிச்சம் வந்துவிட்டது.

இரண்டாம் அளவைக்குப் போனபோது
அதை ஏன் பையில் போட்டேனோ.
டீக்கடை பெஞ்சில் முனிரத்தினம்
துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்.
லேசாக ஆடியது.

"நடுவுல இடைவெளி விழுதே மேடம்."
"பிளேடு தின்னது."
"யார் பக்கம் தின்னது?"

படத்தில் கோட்டுக்கு அகலமே இல்லை.
பலகையில் அரை மில்லிமீட்டர்.
தரையில் அது வரப்பு,
ஓர் ஆடு தாராளமாக மேயும்.
இதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.
தூள் வீட்டில்தான் இருக்கிறது,
வேண்டுமானால் அளந்து தருகிறேன் என்றேன்.
இருவரும் சிரிக்கவில்லை.

திம்மராயன் கிணற்றை மட்டும் எடுத்து
ஒரு கண்ணை மூடி
துளை வழியாகத் தம்பியைப் பார்த்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
டீ ஆறி ஆடை படர்ந்தது.

கையெழுத்து இன்னும் ஆகவில்லை.
வீட்டுக்கு வந்து எண்ணினால்
கிணறு இல்லை.
எந்தச் சட்டைப்பையில் போனதோ,
கேட்கப்போவதில்லை.

பழையபேட்டை வீட்டில் இப்போது
அடுத்த படம் பலகையில் ஒட்டிக் காய்கிறது:
எண்பத்தேழில் இரண்டு, ஏரிப் புறம்போக்கு,
கரை முழுக்க வளைவு,
யாருக்கும் சொந்தமில்லாத வளைவு.
காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்து
சுவிட்சைப் போட்டேன்.

மேலேயிருந்து பல்கீஸ் தரையைத் தட்டுகிறாள்.
மணி பதினொன்றாம்.