யன்னல் பக்கம்

களுபோவில ஆஸ்பத்திரி, கிளினிக் நாள்.
வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்தமர்ந்தான் கருணைராசா.
அவன் இருப்பது ஸ்கார்பரோவில்.
ஆறு வருடமாய் ஒரு கோல் இல்லை.
என்றாலும் தினமும் என்னோடுதான் பல் துலக்குகிறான்.

மெயின் வீதிக் கடையை
ஒரு கையெழுத்தில் கழற்றிக்கொண்டு போனவன்.
பதினெட்டு இலட்சத்து நாற்பதாயிரம்.
சேட் அயர்ன் பண்ணும்போது அவனோடு வழக்காடுவேன்,
மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதும்.
ஒவ்வொரு முறையும் நான்தான் வெல்வேன்.
ஒவ்வொரு முறையும் அவன்தான் நன்றாகத் தூங்குவான்.

நூற்றெழுபதுக்கு நூற்றைந்து.
நேர்ஸ் கைப்பட்டியைக் கழற்றவில்லை.
"ஐயா, யாரோட சண்டை?"
ஒருவரோடும் இல்லை என்றேன்.
"பத்து நிமிசம் இருங்க.
நல்ல ஆள் ஒருத்தரை நினைங்க."

நல்ல ஆள்.
மகளை நினைத்தேன், கூடவே அவள் டியூஷன் காசு வந்தது.
அம்மாவை நினைத்தால்
அவள் கையால் கருணைராசா சோறு வாங்கிச் சாப்பிட்டது வருகிறது,
இன்னும் கொஞ்சம் குழம்பு என்று கேட்டதும்.

பிறகு, ஏனென்று தெரியாது,
காலி வீதியில் வளைந்து கிடந்த
அந்தப் பெட்ரோல் கியூ.
இரண்டாம் இரவு
யாரோ ஒருவரின் கடைப் படியில் தூங்கிப்போனேன்.
திடுக்கிட்டு எழும்பினால் ஸ்கூட்டரைக் காணோம்.
ஐந்து கடை தள்ளி நின்றது.
பின்னால் நின்ற ஓட்டோக்காரன்
தன்னுடையதைத் தள்ளும்போதெல்லாம்
என்னுடையதையும் தள்ளியிருக்கிறான்.
"நிதாகன்ன மல்லி" என்றான்.
படு தம்பி, இன்னும் விடியவில்லை.

அவன் பெயரை நான் கேட்கவில்லை.
முகத்தில் மீசை இருந்ததா? அதுவும் இல்லை நினைவில்.
கருணைராசாவின் அடையாள அட்டை இலக்கமோ
இப்போதும் மனப்பாடம்.

நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு.
"பாத்தீங்களா?" என்றாள் நேர்ஸ்.
டொக்டர் பார்க்கவில்லை,
குளிசையைக் கூட்டித்தான் எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில்
மூன்று பேர் இருக்கும் சீட்.
தெஹிவளைச் சந்தியில் கருணைராசா ஏறினான்.
அவனை எப்படி இறக்குவதென்று
எனக்கு இன்னும் தெரியாது.
ஒடுங்கி இருக்கச் சொன்னேன்.
யன்னல் பக்கம் ஏற்கெனவே ஆள் இருந்தது,
கடல் காற்றில் தலை சாய்த்து.
இந்த முறை தூங்கியது
அவன்.