ஒற்றைக் கிளிப்

ஷொக்கின் பெரிய நட்டுகள்
பத்து நிமிடத்தில் கழன்றுவிட்டன.
அவற்றுக்குத்தான் காலையிலிருந்து பயந்திருந்தேன்.
இப்போது வேலை வந்து நிற்பது இதில்:
பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும்
பெருவிரல் நகமளவுத் தகடு.
லாடம்போல் வளைந்தது.
துருவேறித் தன் பள்ளத்தோடு ஒன்றாகிப்போனது.

வெள்ளவத்தைக் கார்.
ஒன்பது வருடம் இரவிரவாய்
மரீன் டிரைவில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது.
உப்புக்கு ஒரு அவசரமுமில்லை.

எண்ணெய் விட்டேன்.
பிளேன்டீ குடித்துவிட்டு இன்னொரு தரம் விட்டேன்.
ஸ்குரூடிரைவர் நுனியை
அதன் நாக்குக்கு அடியில் கொடுத்து
தட்டினேன், மெதுவாக,
நோயாளி தூங்கும் வீட்டின் கதவைத் தட்டுவதுபோல.
பிறகு அப்படியில்லாமல்.

ஒரு பல் உடைந்த என் வைஸ் கிரிப்
கவ்வியது, வழுக்கியது,
மணிக்கட்டு போய் ஸ்பிரிங்கில் அடித்தது.
"வெட்டிப் போடுவமா பாஸ்?" என்றான் தரிந்து,
வாயில் கவ்விய டோர்ச்சோடு.
வெட்டலாம். ஹோஸும் சேர்ந்து போகும்.
இன்று போயா.
பஞ்சிகாவத்தையில் ஷட்டரெல்லாம் கீழே.

லக்சிறி டயர் ஒன்றின்மேல் குந்தியிருந்து
தனக்கு வரவேண்டிய ஹயர்கள்
வேறு வேறு ஆட்களுக்குப் போவதைக்
கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நல்லது.

இந்தத் தகட்டைத் திட்டுவதில் நியாயமில்லை.
விடாதே என்று சொல்லி
எங்கோ ஒரு தொழிற்சாலையில் செருகினார்கள்.
விடவில்லை. வேறென்ன செய்தது?
ஆனாலும் திட்டினேன்,
கிராண்ட்பாஸில் புழங்கும் மூன்று மொழியிலும்.

டிங்.

மூவரும் சிரித்தோம்.
ஹோஸ் தளர்ந்து தொங்கியது.
ஷொக் குழந்தைபோல் கைக்கு வந்தது.
அப்புறம்தான் தரிந்து கேட்டான்,
அது எங்கே என்று.

குனிந்து தேடினோம். படுத்துத் தேடினோம்.
மேல்மாடி நௌபர்
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை
நூலில் கட்டி இறக்கினார்.
கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவுவதுபோல்
தரை முழுக்க இழுத்தேன்.
நாலு வாஷர்.
ஒரு கொண்டை ஊசி, யாருடையதோ.
ஒரு ரூபாய்.
குழியின் பலகைக்கடியில், கடைசியாக,
லாடம்.

தரிந்து விசிலடித்தான்.
நான் துடைத்துப் பார்த்தேன்.
இது அதுவல்ல.
காய்ந்த துரு. பழைய கிறீஸ்.
நாக்கில் கவ்விய தழும்பு,
நடுவில் ஒரு பல் இல்லாத இடைவெளியோடு.
என் வைஸ் கிரிப்.

மூன்று வருடமிருக்கும். மழை இரவு.
நீலச் சன்னி ஒன்று, வத்தளைப் பக்கம்.
பின்சீட்டில் பள்ளிக்கூடக் கொப்பிக் கட்டுகள்,
முன்சீட்டில் அவற்றைத் திருத்தும் மனுஷி.
அன்றும் டிங் என்றது.
அன்று தேடவில்லை.
கட்டுக்கம்பியால் ஹோஸை இரண்டு சுற்றுச் சுற்றி
நுனியை மடக்கிவிட்டேன்.
நாளை வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது
அவர் காசை எண்ணிக்கொண்டிருந்தார்.
எண்ணி முடித்தபோது
நான் சொல்லவில்லை.

கம்பி எத்தனை நாள் நிற்கும்?
அறுந்தால் ஹோஸ் டயரில் உரசும்.
உரசினால்.

அளவு ஒன்றுதான்.
எமரி போட்டு, கொஞ்சம் நிமிர்த்தி,
லக்சிறியின் காரில் அதையே செருகினேன்.
இரண்டு தட்டில் உட்கார்ந்தது.
அவர் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்து
நூறு ரூபாய் கூடத் தந்தார்.
வேண்டாம் என்றேன்.
தரிந்து என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

இரவு கொட்டாஞ்சேனையில்
காற்சட்டையை உதறிக் கொடியில் போடும்போது
மடிப்புக்குள்ளிருந்து விழுந்தது
அடுத்தது.
சீமெந்துத் தரையில் அதே சத்தம்.

மனைவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.
"என்ன இது?"
"காருக்குப் போடுவது."
"எந்தக் காருக்கு?"

குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் நூலாகத்தான் வந்தது.
கழுவிய கையை
மறுபடியும் கழுவினேன்.