பதினாலாம் எண்

புதன்கிழமைகளில் மட்டும்
பிள்ளைகள் கம்பளம் பார்க்க வந்தார்கள்.
தர்சோவில் நவம்பர் என்றால்
நாலு மணிக்கே இருட்டு.
கடற்காற்று கதவைத் தள்ளிக்கொண்டு
அவர்களுக்கு முன்னால் நுழையும்.
பின்னால் நனைந்த பள்ளிப்பை,
என் முகத்தைத் தவிர
மற்ற எல்லாவற்றையும் பார்க்கும் கண்கள்.

கடை திறந்து ஆறு வாரம்.
பதினாறு வயதில் இத்தனை பேருக்குத்
தரைவிரிப்பில் ஆசையா என்று
எய்லியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.
அவள் கணக்குப் புத்தகத்திலிருந்து
தலை தூக்கவில்லை.

ஒருத்தி கேட்டாள்:
எவ்வளவு நேரம் ஆகும்?
ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றேன்.
வீட்டுக்குத் தெரியாமல் முடியுமா?
வீட்டுக்கு வந்து அளவெடுக்காமல் எப்படி,
அம்மா இருக்கும் நேரமாகச் சொல், வருகிறேன்
என்றேன்.
அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
நான் அளவுநாடாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது
கதவு ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு பையன்
சாம்பல்நிறச் சுருளருகே இருபது நிமிடம் நின்றான்.
இலவசம்தானே?
மாதிரித் துண்டு இலவசம் என்றேன்.
உள்ளங்கை அகலச் சதுரம் ஒன்றை வாங்கிச்
சட்டைப்பையில் வைத்து
நன்றி சொல்லிப் போனான்.
ஒழுங்கான பையன்.
அதை வைத்து என்ன செய்தானோ.

பின்னறை அலமாரியை நகர்த்தியபோதுதான்
சுவரோடு ஒட்டிக் கிடந்தது அந்த அட்டை.
இளையோர் பாலியல் நல மையம்.
புதன், மூன்றரை முதல் ஐந்தரை வரை.
முன்பதிவு வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டோம்.
கீழே முகவரி:
என் தெரு. என் எண். என் கதவு.

எய்லி முதலில் சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.
அவள் தங்கை மகன் சொன்னான்,
பள்ளிக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம்
இன்னும் அதே அட்டைதான் என்று.
அதிலிருக்கும் பெண்ணுக்கு
யாரோ மீசை வரைந்திருக்கிறார்களாம்.

சுகாதார வாரியத்துக்குத் தொலைபேசினேன்.
இடம் மாறி ஓராண்டு ஆகிறதே,
இணையத்தில் போட்டிருக்கிறோமே,
மருத்துவமனையின் பின்கட்டு,
செவ்வாய் பகல் ஒன்று முதல் மூன்று.
அப்போது பள்ளி நடக்குமே?
மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.
அட்டை பள்ளியின் பொறுப்பாம்.
பள்ளியைக் கேட்டால்
வாரியத்தின் பொறுப்பாம்.

மருந்துக்கடையில் கேட்கலாம்தான்.
கல்லாவில் நிற்கும் மோர்வென்
யார் என்ன வாங்கினார்கள் என்று
வாய் திறக்கமாட்டாள்.
வரிசையில் பின்னால் நிற்பவர்கள் திறப்பார்கள்.
இந்த ஊரில் எந்த வரிசையிலும்
பின்னால் ஒரு சித்தி நிற்பாள்.

மாதிரித் துண்டுகளின் முதுகில்
விலை எழுதும் இடத்தில்
எழுத ஆரம்பித்தோம், நானும் எய்லியும்,
இரவு உணவுக்குப் பின்:
செவிலியின் தொலைபேசி எண்.
பெயர் சொல்லத் தேவையில்லை.
மருத்துவமனைப் பேருந்து எங்கே நிற்கும்,
எந்தக் கதவில் மணி அடிக்கவேண்டாம், தள்ளினால் போதும்.
சணல் முதுகில் பேனா ஓடாது.
ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை எழுதவேண்டும்.

வாசலில் கூடை.
மாதிரி. இலவசம். திருப்பிப் பார்க்கவும்.

மாடிப்படிக்கு நிறம் தேடி வந்த
திருமதி சின்க்ளேர் ஒன்றைத் திருப்பினாள்.
வாய் இறுகியது.
சரி, புகார்தான் என்று நினைத்தேன்.
பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று
எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு
மாடிப்படியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் போனாள்.

வாரம் பத்து, பன்னிரண்டு குறைகிறது.
யார் எடுத்தார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள்,
தெரியாது.
தெரியக்கூடாது என்பதுதானே ஏற்பாடு.

ஆனாலும் புதன்கிழமை மணி நாலானால்
கை வேலையை விட்டுவிட்டுக்
கதவைப் பார்க்கிறேன்.
அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன கடைசிச் சொல்
கடைக்குள்ளேயே நிற்கிறது,
விற்காத சுருள் மாதிரி:
அம்மா இருக்கும் நேரமாகச் சொல்,
வருகிறேன்.