வெட்டுக் குறி

மூன்று விளக்குக்கு ஒருமுறை
செம்புப் புள்ளிகள் நாலு, குறுக்கே ஒரு கோடு,
கோட்டருகே எறும்பளவில் கத்தரிப் படம்.
அங்கேதான் வெட்டலாம்.
அரை விரல் தள்ளி வெட்டினால்
மூன்றும் செத்துப்போகும்.
சாகரனுக்கு இதைச் சொன்னவள் நான்தான்,
ஏணி மேலிருந்து.
கீழே அவன் அளவுநாடாவைப் பிடித்தபடி
"பாதின்னா பாதி" என்றான்.

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
அப்பா பேரிலிருந்த வீடு
எங்கள் இருவர் பேருக்கு வந்த ஆறாம் மாதம்
கூடத்தின் நடுவே ஜிப்சம் பலகைச் சுவர்.
சோபா அவனுக்கு. ஜன்னல் எனக்கு.
உச்சியைச் சுற்றி ஓடிய
பத்து மீட்டர் வண்ண விளக்குப் பட்டையை
வக்கீல் எழுதிய பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை,
சுவர் அதில் வந்து முட்டும்வரை.

சண்டை முழுக்க இங்கிலீஷில்தான்.
எங்களுக்கு வாய்த்தது அது.
முடிவில் மட்டும் எங்கிருந்தோ
ஒரு தமிழ்ச்சொல் கிடைத்தது அவனுக்கு:
போ.
எங்கே போக?
இரண்டடி நடந்து
சுவருக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

வெட்டினேன்.
அடாப்டர் இருந்த முனை என்னிடம் நின்றது.
முன்பெல்லாம் கடைசி மீட்டரில் நிறம் வெளிறும்,
அவ்வளவு தூரம் மின்சாரம் நடந்து களைத்துவிடும்.
பாதியானதும் என் பாதி
இதுவரை இல்லாத பளிச்சென்று எரிந்தது.
சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.
அவன் பாதி
இருட்டில் செத்த பாம்பாய்த் தொங்கியது.

சைனா மாலில் புதுக் கன்ட்ரோலர் வாங்கிவந்தான்.
என்னைக் கூப்பிடவில்லை.
ஷால்கிராஸிலிருந்து இசிபிங்கோ வரை
ஊர் வீடுகளுக்கெல்லாம் அலாரம் மாட்டுகிறவள்
பலகைக்கு இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்து
ஈயம் உருகும் வாசனையை மட்டும் மோந்தேன்.
மெலோஷினி கைதட்டினாள் அங்கே.
இங்கே, யாரும் எதையும் தொடாமல்,
என் கூரையோரம் சிவந்தது.

ஒரே கம்பெனி, ஒரே அலைவரிசை.
ரிமோட்டுக்கு வழக்கும் தெரியாது, சுவரும் தெரியாது.
அவன் அழுத்தினால் இரண்டு வீடும் மாறும்,
நான் அழுத்தினாலும்.
சட்டென்று பேட்டரியைப் பிடுங்கினேன்.
பிறகு யோசித்து திரும்பப் போட்டேன்.

பலகைக்கும் உச்சிக்கும் நடுவே
விரல் நுழையும் இடைவெளி ஒன்றை
கொத்தனார் விட்டுப் போயிருந்தான்.
அதில் கசிந்தது பச்சை.
என் பக்கம் சிவப்பு, அவன் பக்கம் பச்சை.
பச்சை வயரைச் சிவப்பின் புள்ளியில்
பற்றவைத்திருக்கிறான் மடையன்.
அவன் சிவப்பைக் கேட்கிறான்,
பச்சை கிடைக்கிறது.
அவன் கேட்ட சிவப்பு
எனக்கு வந்து சேர்கிறது.

ஒரு வாரம் இப்படி.
வெள்ளிக்கிழமை சாமி கும்பிட மஞ்சளை அழுத்துகிறான் போல;
சிவப்பும் பச்சையும் கலந்தது மஞ்சள்,
அளவு மாறி அங்கே ஏதோ எலுமிச்சை நிறம்.
எனக்குச் சரியான மஞ்சள்.
ஃபோனில் எழுதினேன்: இரண்டாவது வயரும் மூன்றாவதும் மாறிக் கிடக்கு.
அழித்தேன்.
மறுபடி எழுதினேன். மின்வெட்டு வந்தது,
டவரும் போனது, தெருவே போனது,
நாய்கள் மட்டும் அவரவர் வேலையைப் பார்த்தன.

இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் திரும்பியது.
அந்தப் பக்கம் டெஷ்லினுக்கு இருமல்,
குரைப்பு மாதிரி, மூச்சை இழுத்து இழுத்து.
மருந்து பாட்டில் எங்கே என்று மெலோஷினி தேடுகிறாள்,
சாகரன் எதிலோ இடித்துக்கொள்கிறான்,
அந்த மேஜையை நான் அறிவேன்,
என் முழங்காலிலும் அதன் தழும்பு உண்டு.
இடைவெளியில் பச்சை.
பச்சை வெளிச்சத்தில்
மருந்துச் சீட்டை எப்படிப் படிப்பார்கள்?

வெள்ளை என்பது மூன்றும் சேர்ந்து எரிவது.
எந்த வயர் எங்கே மாறியிருந்தாலும்
வெள்ளையில் தப்பு தெரியாது.

அழுத்தினேன்.

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது.
ஒரு கரண்டி பாட்டிலில் பட்டது.
இருமல் இரண்டு, நெடுநேரம் கழித்து இன்னொன்று.
அப்புறம்
என் கூரையோர வெள்ளை ஒரு படி தணிந்தது,
இன்னொரு படி,
பிள்ளை தூங்குகிற அளவுக்கு
யாரோ குறைத்துக்கொண்டே வந்தார்கள்.
நான் ரிமோட்டை
விரலுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.