பதினெட்டு கிளிக்

வருடத்துக்கு நான்கு நாள் கோயம்புத்தூர் டிராக்.
மிச்சம் முன்னூற்று அறுபத்தொன்றும்
வெட்டூர்ணிமடத்து லேப்பிலிருந்து மார்த்தாண்டம் வரை
பல் செட்டு கொண்டுபோகிற வேலை.
இந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை.
எவ்வளவு தாழ்த்தணும் என்றுதான் கேட்டார்கள்.

என் போலோவுக்கு ஒன்பது வயது.
பழைய ஷாக் ஒழுகுகிறது.
நான்காவது வளைவில் பிரேக் மிதித்தால்
மூக்கைத் தரையில் குத்தி, பின்புறம் தூக்கி,
கொஞ்சம் யோசித்து
அப்புறம்தான் திரும்பும்.
போன தடவை அங்கே போனது ஒன்றரை செகண்ட்.
ஒன்றரை செகண்டுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரமா
என்று பெனிட்டா கேட்கவில்லை.
விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு
குளிராத ஃபிரிட்ஜை ஒருமுறை திறந்து மூடினாள்.

விஜின் காட்டிய முதல் செட் மஞ்சள் நிறம்.
ஒரு மில்லிமீட்டர் அமுங்க
எட்டு கிலோ கேட்கும் ஸ்பிரிங்.
அவன் வண்டியிலும் அதுதான் கிடக்கிறது.
"ஓட்டிப் பாரும் வேய், பிறவு பேசுவோம்."
சாவியை எறிந்தான்.

பின் சீட்டில் ஐந்து டப்பா,
பதினொரு வாய்களின் பிளாஸ்டர் அச்சு.
பார்வதிபுரம் பாலத்தில் தண்டவாளம் போட்டதுபோல் போனது.
சுங்கான்கடை வளைவில்
நான் நினைத்து முடிப்பதற்குள் திரும்பிவிட்டது.
கொள்ளாம் என்றேன் சத்தமாக,
ஆளில்லாத வண்டியில்.

வில்லுக்குறியில், வெள்ளை அடிக்காத ஒரு ஹம்ப்.
பின்னால் பதினொரு வாயும்
ஒரே நேரத்தில் கடித்தன.

தக்கலையில் திறந்து பார்த்தால்
யாரோ ஒரு டீச்சரின் கோரைப்பல் முறிந்து
டப்பா மூலையில் கிடக்கிறது, நொய்யரிசி போல.
டாக்டர் கிளாடிஸ் என்னைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார்,
வெளியே நின்ற மஞ்சள் ஸ்பிரிங் வண்டியைப் பார்த்தார்.
"அந்த அம்மாவை மறுபடி அளவெடுக்க
நீங்களே கூப்பிடுங்க."

தாழ்த்தினால் அழகு. மறுக்க மாட்டேன்.
டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே
ஒரு விரல்கூட நுழையாத வண்டியை
சர்ச் முற்றத்தில் பார்த்தால்
ஜெபத்துக்கு நடுவிலும் திரும்பிப் பார்க்கிறவன் நான்.
ஆனால் ஜூன் மழைக்கு
அழகியமண்டபம் பக்கம் குழியில் தண்ணீர் நின்றால்
அதன் ஆழம்
ஆயில் சம்ப்புக்கு மட்டும்தான் தெரியும்.

ரப்பர் புஷ்ஷைக் கழற்றி எறி,
பாலியூரித்தேன் போடு என்றான்.
முடியாது என்றேன்.
குலசேகரத்தில் மச்சினன் பால் வெட்டுகிறான் என்பதற்காக அல்ல.
கொஞ்சம் அதற்காகவும்தான்.

கடைசியில் எடுத்தது
முன்னால் நாலரை கிலோ, பின்னால் மூன்று,
இரண்டு விரல் இடைவெளி,
தலையில் திருகுகிற டேம்பர்.
ஸ்பிரிங் எதையும் மறக்காது,
பட்ட அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்.
டேம்பர் அதை ஒருமுறை சொல்லவிட்டு
வாயைப் பொத்தும்.
எவ்வளவு அழுத்திப் பொத்துவது என்பதுதான் கிளிக்.
முழுக்க முறுக்கிவிட்டு எண்ணிக்கொண்டே தளர்த்த வேண்டும்:
தக்கலைக்குப் பதினெட்டு,
டிராக்குக்கு ஆறு.

விஜினுக்கு வருத்தம்.
"அரை செகண்டை வில்லுக்குறியில விட்டுட்டீரே."

வெள்ளி இரவு ஆரல்வாய்மொழி தாண்டும்போது
காற்று பக்கவாட்டில் வந்து
வண்டியைத் தோளில் இடித்தது.
சாய்ந்தது, ஒருமுறை. நிமிர்ந்தது. அவ்வளவுதான்.
முப்பந்தலில் டீக்கு நிறுத்தி
டிராக் டயர்களுக்கு அடியில் டார்ச் அடித்தால்
ஒரு டப்பா.
மத்தியானம் இறக்க மறந்தது.
குளச்சல் மீன்கடைக்காரர் ஒருவரின் மேல்தாடை,
திங்கட்கிழமை காலை வேண்டும் என்று
சிவப்பு மையில் எழுதியது.
எண்ணினேன். பதினாலும் இருந்தது.

நாளைக்கு ஆறு கிளிக்.
முதல் சுற்றுக்கு முன்னால்
இதை யார் கையில் கொடுத்து வைப்பது என்று
யோசித்தபடியே டீயை ஆற்றினேன்.
காற்றாலைகள் எல்லாம் ஒரே திசையில்
சுற்றிக்கொண்டிருந்தன.