சரிவு: ஆறரை பாகை

மேசைக்குச் சரிவு எத்தனை பாகை
என்று கேட்டது திரை.
கொரடாச்சேரியில் உட்கார்ந்துகொண்டு
இதற்கு என்ன பதில் போட?
மைலுக்கு ஓரடி இறங்கவே
தண்ணீர் தயங்குகிற தரை.
மழை விட்டு மூன்றாம் நாளும்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்
வாசலிலேயே நிற்கும்.
ஆறரை என்று போட்டேன்.
முன்னறையில் ஒரு மலை எழுந்தது.

பகலில் நான் லஸ்கர்.
வெட்டாற்று ரெகுலேட்டரில் எட்டு ஷட்டர்,
அதில் இரண்டு துருவேறி இறுகியவை.
சக்கரம் சுற்றி அரையடி தூக்குவேன்,
நோட்டில் எழுதுவேன், இறக்குவேன், எழுதுவேன்.
இரவில் இரண்டே ஷட்டர்.
இடது பொத்தான். வலது பொத்தான்.

கல்யாண மண்டபம் கழித்துப்போட்ட மேசையின் கால்கள்.
ஒன்று குட்டை; அடியில் பொதுப்பணித் துறை டைரி.
மூடிப்போன செல்போன் கடையின் டிவியை
மல்லாக்கப் படுக்கவைத்தேன்.
குறுக்கே ஒரு பச்சைக் கோடு, போகவே போகாது.
வாய்க்கால் என்று வைத்துக்கொண்டேன்.
இழுத்துவிடும் ஸ்பிரிங்
டிவிஎஸ் ஐம்பதின் சீட்டுக்கடியில் கிடந்தது.
மூளை மட்டும் புதுசு.
பை என்று பெயர்; சட்டைப் பைக்குள் அடங்கும்.
பந்து, மணி, குமிழ், சரிவு
எல்லாவற்றையும் அதுதான் விடாமல்
நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.
கரண்ட் போனால் மறந்துவிடும்.

"நெசமாவே ஒரு குண்டு போட்டுறக் கூடாதா?
கோலி பத்து ரூபாய்க்கு இருபது" என்றாள் தையல்நாயகி.
நிஜக் குண்டுக்கு
நிஜச் சரிவு வேண்டும் என்றேன்.
தரையைப் பார்த்தாள்.
அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சத்தம்தான் சரியாக வரவில்லை.
காது ஏமாந்தாலும் விரல் ஏமாறவில்லை.
பழைய பம்ப்செட் ஸ்டார்ட்டரைப் பிரித்து
காண்டாக்டரைப் பெட்டியின் விலாவில் முடுக்கினேன்.
பொத்தானை அமுக்கினால்
டடக்!
ஐந்து குதிரை மோட்டாரை எழுப்பிய அதே அடி.
சுவருக்கு அந்தப் பக்கம் மணிமாறன்
மும்முனை வந்துவிட்டதென்று
டார்ச்சோடு வயலுக்குக் கிளம்பினார்.

அடுத்தது தாமதம்.
அமுக்கியபின் துடுப்பு எழ
அரை இமைப்பு.
மேட்டூரில் திறந்தால் இங்கே மண் நனைய
வாரம் கழியும்;
தாமதம்தான் எனக்குச் சம்பளம்.
ஆனாலும் அந்த அரை இமைப்பில் பந்து போய்விடுகிறது.
பதினோரு இரவு.
கடைசியில் டிவி மெனுவைக் கிளறி
படத்தை அழகாக்குகிறேன் என்று
அது பார்த்துக்கொண்டிருந்த வேலைகளையெல்லாம் நிறுத்தினேன்.
படம் அசிங்கமானது.
பந்து கைக்கு வந்தது.

முறை வைத்த வாரம்.
கீழ்வேளூர் தாண்டிக் கடைமடையிலிருந்து
பக்கிரிசாமி சண்டைக்கு வந்தார்.
"ஒம்போது நாளாச்சு, ஒரு சொட்டு..."
சொல் பாதியில் பெட்டியைப் பார்த்தார்.
இது என்ன?
பின்பால் என்றேன்.
வேறு சொல்லத் தெரியாமல் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டேன்.
மேலேறிய பந்து குமிழுக்குக் குமிழ் மோதி,
வாய்க்கால் கோட்டை நாலு தரம் தாண்டி,
எல்லார் வீட்டையும் எட்டிப் பார்ப்பதுபோல் அலைந்து,
இரண்டு துடுப்புக்கும் நடுவே
நேராக இறங்கியது.

"எங்க போச்சு?"
வடிகால்.
"நடுவுல அவ்வளவு எடம் யாரு விட்டது?"
நான்தான்.
"குறைக்க முடியாதா?"
முடியும். ஆட்டம் இருக்காது.
"ஆட்டம்" என்றார்,
என்னை அல்ல, டைரி முட்டுக்கொடுத்த காலைப் பார்த்து.

ஒரு முறைக்கு மூன்று பந்து.
இரண்டு மிச்சம் இருந்தது.
வேட்டியில் கை துடைத்துக்கொண்டு
இருபக்கப் பொத்தான்களிலும் விரல் வைத்தார்,
என்னை விலகி நிற்கச் சொன்னார்.

டடக்.

மணிமாறன் வீட்டில் விளக்கு எரிந்தது.