கூறியது கூறல்

மூன்றே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.
"வருந்துகிறோம். தங்கள் வரிசையில்
திரும்பத் திரும்ப வருபவை மிகுதி.
இந்த மரபணுவைத் தயாரிக்க இயலாது."

வால்டிவியாவில் மழை, பதினோராம் நாள்.
மில்லராய் கத்ரிலேயோ
ஆய்வகத்து ஹீட்டர்மேல் காலுறையைக் காயப்போட்டுவிட்டு
திரையெங்கும் விழுந்த சிவப்புக் கோடுகளைப் பார்க்கிறாள்.

அவள் கேட்டது ஒரு பசை.
நியேப்லா படகுத்துறைத் தூண்களில்
அலை அறைய அறையத்
தொங்கிக்கொண்டிருக்கும் கருநீல மட்டியின் பசை.
கருவைச் சுற்றிய சவ்வில் ஊசி விட்ட ஓட்டையை
ஈரம் துடைக்காமலே மூட வேண்டும் அவளுக்கு.

மட்டி
பத்து அமினோ அமிலத்தில் ஒரே ஒரு சொல் கற்றிருக்கிறது.
அதை எண்பது தரம் சொல்கிறது.
தமிழில் அதற்கு இப்படிப் பெயர் வைத்தவர்
ஏளனமாகத்தான் வைத்திருப்பார்.
ஆனாலும் கடல் இன்னும் அதைப் பெயர்க்கவில்லை.

சொன்னதையே சொல்வது நம் இலக்கணத்தில் குற்றம்,
கூறியது கூறல்.
எழுத்தெழுத்தாய் டி.என்.ஏ. கோக்கும் எந்திரமும்
அதே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கும் போல.
ஒரே சாயல் துண்டுகளைப் பக்கத்தில் வைத்தால்
ஒன்று மற்றதன் வீட்டுக்குள் ஏறிப் படுத்துவிடும்.

இன்னொரு விதியும் உண்டே, ஒருபொருட் பன்மொழி.
அலனைனை நான்கு விதமாய் எழுதலாம்,
செரினை ஆறு விதமாய்.
எழுத்து மாறும், செல்லுக்கு அர்த்தம் மாறாது.

மூன்று இரவு உட்கார்ந்தாள்.
ஜி சி டி என்றிருந்தது ஜி சி ஏ ஆயிற்று,
அடுத்த வரியில் ஜி சி ஜி.
பாக்டீரியா திக்கிப் பேசும் கூட்டெழுத்துகளைத்
தள்ளிவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்.
மாத்தே ஆறிப்போய்ப் புல்லாய் நாறியது.
நாற்பதில் நிறுத்திக்கொண்டாள்.

"பாதிப் பிடிவாதம் போதுமா?" என்றார் ஹைமிட்.
"பாதி விலை" என்றாள்.

பிறகு சந்தியாகோ சுங்கத்திலிருந்து தொலைபேசி:
பெட்டிக்குள் குழாய், குழாய்க்குள் ஒன்றுமில்லை,
எதற்கு அறுநூறு டாலர்?
"அதில் ஒரு மரபணு இருக்கிறது, சார்."
"உயிரோடா?"
"இன்னும் இல்லை."
அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.
இன்னும் ஒன்பது நாள் பிடித்தது.

வந்தது.
நான்கு மைக்ரோகிராம்,
கண்ணுக்கு அகப்படாத உலர்ந்த கறை.
திறக்குமுன் சுழற்றி அடியில் இறக்க வேண்டும்.
ஓஸ்வால்தோ ஒருமுறை மறந்து திறந்து
தும்மினான்.
அவன் ஆறு மாதம் எங்கே போனதென்று
இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவள் மறக்கவில்லை. சுழற்றினாள், கரைத்தாள்,
பாக்டீரியாவுக்குள் ஏற்றினாள்,
வெள்ளைப் புள்ளிகள் முளைத்த தட்டிலிருந்து
ஒன்றைத் தொட்டெடுத்து வாசிக்க அனுப்பினாள்.

முப்பது சொல் வரை சரி.
முப்பத்தொன்றில் ஓர் எழுத்து,
சி இருக்க வேண்டிய இடத்தில் ஏ.
செரின் போய் டைரோசின்.

மற்றதெல்லாம் எலும்புக்கூடு.
நொதி தொட்டதும் ஈரத்தைப் பற்றிக்கொள்வது
டைரோசின்தான்.

பிழையிருந்தால் இலவசமாக மறுபடி செய்து தருவார்களாம்.
யார் பிழை என்று படிவம் கேட்கிறது.
எந்திரமா, உள்ளே போனபின் பாக்டீரியாவா,
மூன்றாம் இரவு நான்கு மணிக்கு
அவள் விரலா?
அனுப்பிய கோப்பைத் திறந்தால் தெரிந்துவிடும்.

திறக்கவில்லை.
காலுறை காய்ந்திருந்தது, ஒரு பக்கம் கருகியும்.
மாட்டிக்கொண்டு
குழாயின் மூடியில் 31 என்று எழுதினாள்,
தண்ணீரில் கரையாத மையால்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட
மூடியில் இடமில்லை.
மைனஸ் எண்பதில், முதல் தட்டில்,
கைக்கு எட்டுகிற ஓரத்தில் வைத்தாள்.